எழுபத்தொரு பயணிகள்

சட்டக் கல்லூரி மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அடிக்கோடு'. எந்தத் தாளைக் கொடுத்தாலும் சிவப்பு மையில் கோடு போடாமல் திருப்பித் தரமாட்டார். கல்யாணப் பத்திரிகையில்கூட எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தவர். பத்து வருடம் சாட்சியச் சட்டம் நடத்தினார். பிறகு பத்தொன்பது வருடம் நீதிபதி. ஓய்வு பெற்ற மறுமாதமே பழைய கல்லூரிக்குத் திரும்பி மாலை வகுப்பை ஏற்றுக்கொண்டார். வீட்டில் சும்மா இருந்தால் தங்கையோடு சண்டை வரும் என்று காரணம் சொன்னார். பல் மருத்துவரான தங்கையும் அக்காவைப் பற்றி அதையேதான் சொன்னாள்.

மூன்றாவது வாரம், தானே எழுதிய பழைய தீர்ப்பு ஒன்றைப் படியெடுத்து, வழக்குக் குறிப்புகளோடு வகுப்புக்குக் கொடுத்தார். பேருந்து மோதி சைக்கிளில் போனவர் இறந்த வழக்கு. சைக்கிள் சட்டென்று குறுக்கே திரும்பியது என்றார் ஓட்டுநர். ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு சிகரெட் பற்றவைத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றார், பேருந்தின் வாசல் பக்கத்து நடைபாதையில் நின்ற கடைக்காரர். கடைக்காரர் தடுமாறாமல் பேசினார். ஓட்டுநருக்கு இரண்டு வருடம் சிறை. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.

"இதுல ஒரு ஓட்டை இருக்கு. கண்டுபிடிங்க" என்றார்.

ஓட்டை எதுவென்று அவருக்குத் தெரியும். இருட்டத் தொடங்கிய நேரம். தெருவிளக்கு எரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பதினாறு வருடமாக அது செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி அவ்வப்போது உறுத்திக்கொண்டிருந்தது. எதிர்பார்த்தபடியே நாலைந்து பேர் விளக்கைச் சொன்னார்கள். தலையாட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகப் பார்த்தார்.

கடைசி வரிசையில், நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் எழுந்தார். பகலில் நடத்துநர் வேலை. காக்கிச் சட்டையை மாற்றக்கூட நேரமில்லாமல் வருகிறவர்.

"வெளக்கு இருந்தாலும் தெரியாது மேடம். வண்டியில எழுபத்தொரு பேர்னு குறிப்புல இருக்கு. சீட்டு நாப்பத்தெட்டுதான். மிச்ச இருபத்துமூணு பேரும் எங்க நிப்பாங்க? வாசல்லயும் டிரைவர் பக்கத்துலயும்தான். உள்ள போங்க உள்ள போங்கன்னு தொண்டை கிழியக் கத்தினாலும் நகர மாட்டாங்க. அந்தப் பக்கத்துலேருந்து பாத்தா டிரைவர் தலையே தெரியாது. கை எப்படித் தெரியும்?"

வகுப்பு சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. தன் கையிலிருந்த அசல் குறிப்பைப் புரட்டினார். எழுபத்தொன்று. அதன் அடியில் அவருடைய சிவப்புக் கோடே இருந்தது. பார்த்திருக்கிறார், கோடும் போட்டிருக்கிறார், யோசிக்கவில்லை.

"உக்காருங்க. நீங்க சொல்றது சரி" என்றார்.

வீட்டில் தங்கை கேட்டாள்: "அந்த ஆளு உள்ள போயி வெளியவும் வந்தாச்சு. இப்ப கிளறி என்னக்கா ஆகப்போவுது?"

"தெரியல. ஆனா தப்பு என்னோடது."

"பல்லு மாத்திப் புடுங்கிட்டா நாங்க என்ன, திரும்ப நட்டா வைக்கிறோம்?"

"புடுங்கினேன்னு எழுதியாவது குடுக்கலாம் இல்ல?"



அந்த வழக்கில் ஓட்டுநருக்காக வாதாடிய வக்கீலிடம் விலாசம் வாங்கி, சனிக்கிழமை காலை ஓட்டுநரைத் தேடிப் போனார். ஒரு பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில், கம்பி வலைக்குப் பின்னால் அவர் போல்ட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை. நீதிபதி நின்றபடியே கணக்கைச் சொன்னார்: நாற்பத்தெட்டு சீட்டு, எழுபத்தொரு பேர், வாசல் பக்கம்.

"இதை நான் அன்னைக்கே சொல்ல வந்தேன்மா. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவருக்கு அது நினைவில் இல்லை. அப்படிச் சொல்லக்கூடியவர்தான் என்று மட்டும் தெரிந்தது.

"மறுபரிசீலனைக்கு மனு போடலாம். நான் தப்புப் பண்ணேன்னு கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். "மன்னிப்பும்..."

"மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்றது? லைசென்ஸ் திரும்பக் கிடைக்குமா, அதைச் சொல்லுங்க."

"தண்டனை ரத்தானா கிடைக்கும்."

"அப்ப போடுங்க."

மனுவைத் தயாரிக்க அந்தப் பழைய வக்கீல் ஒப்புக்கொண்டார். கூடவே வைத்த வாக்குமூலத்தை நீதிபதி மூன்று முறை திருத்தி எழுதினார். 'ஒருவேளை', 'அக்காலச் சூழ்நிலையில்' போன்ற சொற்கள் ஒவ்வொன்றாக அடிபட்டுப் போயின. கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, கல்லூரி பெயர் கெடாதா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். வேண்டுமென்றால் ராஜினாமாவை எழுதித் தருவதாக நீதிபதி சொன்னார். முதல்வர் அவசரமாகக் காபி வரவழைத்தார்.

எட்டு மாதம் கழித்துத் தண்டனை ரத்தானது. 'விசாரணை நீதிபதி தம் முன் இருந்த ஆவணத்தைப் படித்தும் புரிந்துகொள்ளத் தவறினார்' என்று உத்தரவில் ஒரு வரி. பத்திரிகைகள் அந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டன. வாக்கியம் நன்றாக இருக்கிறது என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. வலி இரண்டு நாள் கழித்து வந்தது, தங்கையிடம் சொல்லவில்லை.

உரிமம் கிடைத்தாலும் ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு யாரும் பேருந்து கொடுக்கவில்லை. ஒரு மருத்துவமனையில் செவிலியர்களை ஏற்றி இறக்கும் வேன் கிடைத்தது. ஒருநாள் வகுப்புக்குப் போகும் வழியில் நீதிபதிக்குப் போன் வந்தது.

"திங்கக்கெழமையிலேருந்து ஓட்டுறேன். சொல்லணும்னு தோணுச்சு."

"எத்தனை சீட்டு?"

"பன்னெண்டு. நிக்க விடமாட்டேன்."

ஓட்டுநர் போனை வைத்துவிட்டார். நன்றி என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது என்று நினைத்தபடி நீதிபதி படியேறினார்.