நாற்பது ஊசிகள்

திங்கட்கிழமை அண்ணியின் பையிலிருந்து மாத்திரை டப்பா விழுந்தது. மறுநாளே தண்ணீர்க் குழாயருகே அவளுக்கென்று ஒரு டம்ளர் சிவப்பு நூல் கட்டித் தனியாக வைக்கப்பட்டிருந்தது. புதன்கிழமை சூப்பர்வைசர் அவளைத் தையல் மெஷினிலிருந்து எழுப்பிவிட்டார்.

"நாளையிலேருந்து வராதம்மா. எச்.ஐ.வி. சும்மாவா? எல்லாரையும் பாக்கணும்ல."

அந்தத் தையல் கூடத்தின் மெஷின் மெக்கானிக் நான். அண்ணன் இறந்தபின் இந்தத் தையல் வேலைதான் அண்ணியையும் பிள்ளைகளையும் தாங்குகிறது. பொறுமையாகவே தொடங்கினேன்.

"டம்ளர், எச்சில், வேர்வை, கக்கூஸ், எதுலயும் இது ஒட்டாது சார். ரத்தம் கலக்கணும், உடலுறவு, இல்லன்னா தாய்ப்பால், பிரசவம். அண்ணி மாத்திரை தவறவிட்டதே இல்ல. போன டெஸ்டுல தேடியும் கிருமி அகப்படல."

"ரத்தம்னு நீயே சொல்லிட்டியே. ஊசி குத்தாத விரல் இங்க இருக்கா?"

"இது டாக்டர் ஊசி மாதிரி குழாய் இல்ல, கெட்டிக் கம்பி. ஒட்டுற துளியும் துணியில துடைஞ்சு காஞ்சிடும். ஆபத்து ரொம்பக் குறைவு. அப்பவும் குத்தினா ஊசிய மாத்தணும், யாரு விரலா இருந்தாலும். மாத்த விட்டீங்களா?"

ஊசி அலமாரியின் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. குத்துப்பட்டவர்களுக்கு அவர் கொடுத்ததெல்லாம் ஒரு பிளாஸ்திரி, "தையி, சரக்கு ஏத்த லாரி வந்துரும்" என்ற ஒரு சொல்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். ஒரு திருகைத் தளர்த்தினால் போதும், ஊசி கையோடு வந்துவிடும். முதல் மெஷினில் கழற்றினேன். அடுத்ததிலும்.

"என்னதையும் கழட்டுங்கண்ணே," என்றாள் மூன்றாவது மெஷினில் தைத்துக்கொண்டிருந்த மைனா. "போன வாரம் நகத்தோட சேத்துத் தச்சிருச்சு. அதே ஊசிதான் இன்னும் ஓடுது."

ஒவ்வொன்றாக நாற்பது மெஷினும் நின்றன. காந்தத்தில் அப்பிய நாற்பது ஊசிகளை அவர் மேசையில் வைத்தேன்.

"எது யாரு ரத்தம் பாத்ததுன்னு பிரிச்சுக் குடுங்க சார். மாட்டுறேன்."

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. அவர் என்னையும் ஊசிகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

முதல் புது ஊசியை அண்ணியின் மெஷினில் மாட்டினேன். அவர் அடுத்த ஊசியை எடுத்து நீட்டினார். அண்ணி உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோத்தபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"அந்த டம்ளர் அங்கயே இருக்கட்டும். நூல் கட்டின மகராசி அதுலயே குடிக்கட்டும்."