பனிக்காலத்தில் சோதிக்க வேண்டிய வால்வு

எங்கள் மாகாணத்து ஆஸ்பத்திரி என்ஜினியர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை, நவம்பரில், ஜொன்ஜு நகரத்தில் பயிற்சி நாள் உண்டு. எட்டு மணி நேரம் உட்கார்ந்தால்தான் உரிமம் நீளும் என்பதால் ஒருவர் விடாமல் வந்துவிடுவோம். கையெழுத்துப் போடுவோம், பாதிப் பேர் தூங்குவோம், மதியச் சாப்பாட்டில் விழித்துக்கொள்வோம்.

அந்த வருஷம் பேசுகிறவர்களில் மா உன்சுக் அக்காவும் ஒருவர். கடலோர ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் பதினேழு வருஷமாக ஆக்சிஜன் குழாயிலிருந்து ஜெனரேட்டர் வரை பார்த்துக்கொள்பவர். நான் ஜொங்உப் ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் முன் இரண்டு வருஷம் அவரோடு வேலை பார்த்திருக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயருக்கு எதிரே ‘பனிக்காலத்தில் ஆக்சிஜன்: ஒரு நிகழ்வு’ என்று அச்சாகியிருந்தது. ஆனால் மேடையேறிய அக்கா, வார்டு விளக்குகளை மாற்றியதில் மின்சாரம் எவ்வளவு மிச்சமானது என்று இருபது நிமிஷம் தாளைப் பார்த்தே படித்தார். ஒரு தடவைகூட நிமிரவில்லை.

முன்வரிசையில் இருந்த குவாக் பொங்சு அண்ணன் என் பக்கம் திரும்பினார். ஜிரிசான் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அவர்தான் ஒரே என்ஜினியர். பனி கொட்டினால் அதைத் தள்ளி வாசலைச் சுத்தம் செய்வதும் அவர்தான்.

“என்னப்பா மன்சு, ஆக்சிஜன்னு போர்டு மாட்டிட்டு பல்பு வித்துட்டிருக்காங்க?”

“சத்தமாப் பேசாதீங்கண்ணே, நம்மளையும் நாலு வாங்கச் சொல்லிரப் போறாங்க.”

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சாப்பாடு முடிந்ததும் காப்பி மெஷின் பக்கம் அக்காவைத் தனியாகப் பிடித்தேன்.

“ஏன்க்கா தலைப்ப மாத்திட்டீங்க?”

“நான் எங்கடா மாத்துனேன்? நேத்து சாயங்காலம் நிர்வாக இயக்குநர் கூப்பிட்டார். ‘நம்ம ஆஸ்பத்திரி மானத்த மாகாணம் பூரா ஏலம் விடப் போறியா’ன்னார். விளக்குக் கணக்க அவரே கையில குடுத்துட்டார்.”

பிறகு, யாராவது வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார். போன ஜனவரியில் ஒரு காலை, பெரிய ஆக்சிஜன் தொட்டியிலிருந்து வரத்து நின்றுவிட்டது. மாற்று சிலிண்டர்கள் தானாகத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஒன்பது நிமிஷம் நர்ஸுகள் கையால் காற்றுப் பையை அழுத்தி நோயாளிகளை மூச்சுவிட வைத்தார்கள். யாரும் சாகவில்லை. அதனால் அப்படி ஒன்று நடந்ததாகவே எந்தக் காகிதத்திலும் இல்லை. அந்தச் சிலிண்டர்களைத் திறந்துவிட வேண்டிய வால்வை அக்கா கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த ரப்பர் வாஷர் குளிரில் கட்டைபோல விறைத்து, நகர வேண்டியதை இறுக்கிப் பிடித்திருந்தது.

“வருஷா வருஷம் சோதிக்கத்தான் செய்றோம். எப்ப? ஆகஸ்ட்ல. ஆகஸ்ட்ல அது வெண்ணெயாட்டம் வழுக்கிட்டுப் போகும். சொல்ல வேண்டியது ஒரே வரிதான். சோதனைய ஜனவரில பண்ணுங்க. அதுக்குத்தான் விடல.”

“எங்ககிட்டயும் அதே வால்வுதான்க்கா.”

“தெரியும். அதான் சொல்றேன், போய் மாத்து. ஆனா நான் சொன்னேன்னு எங்கயும் எழுதிராத. பொண்ணு இன்னும் காலேஜ் முடிக்கல.”

டிசம்பரில் முதல் உறைபனி விழுந்த காலையில் எங்கள் வால்வைச் சோதித்தேன். அசையவில்லை. வேறு வகை ரப்பரில் வாஷர் வாங்கிப் போட்டேன். பதிவேட்டில் ‘வழக்கமான பராமரிப்பு’ என்று எழுதினேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அதே வாரம் எங்கள் என்ஜினியர் சங்கத்தின் போன் குழுவில் பனிக்கு எந்த டயர் நல்லது என்று பேச்சு ஓடியது. நூற்று நாற்பது பேர் உள்ள குழு. நானும் நாலு வரி எழுதினேன். டயரைப் பற்றி.

ஜனவரியில் மலைப்பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு டிகிரி போனது. குவாக் அண்ணனின் ஆஸ்பத்திரியில் வரத்து நின்றது, மாற்று திறக்கவில்லை. அவர் ஸ்பேனரோடு ஓடி, பனியில் வழுக்கி விழுந்து, எழுந்து, கையாலேயே திறந்திருக்கிறார். அதற்குள் பதினான்கு நிமிஷம் ஆகிவிட்டது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். போலீஸ் பதிவேட்டை எடுத்துப் போனது. ஆகஸ்ட் சோதனை, ‘சரியாக உள்ளது’, கீழே அவர் கையெழுத்து. அது பொய்யும் இல்லை.

மார்ச்சில் அவர் ஜொங்உப் வந்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். பாய்லர் அறையில் என் எதிரே உட்கார்ந்தார்.

“வாஷர் கடைக்காரன் சொன்னான். நீ டிசம்பர்லயே வாங்கிட்டுப் போயிட்டியாமே.”

“ஆமாண்ணே.”

“யாரு சொல்லி?”

“நானாத்தான் பாத்தேன்.” அக்காவின் பெயரைச் சொல்லவில்லை.

“கெட்டிக்காரன்தான்.” பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து முன்னால் வைத்தார். “டயரப் பத்தி எழுதியிருந்தியே, நான் படிச்சேன். அதப் படிச்சுட்டுத்தான் டயர் மாத்துனேன். அதுக்குக் கீழ இன்னொரு வரி போட்டிருக்கக் கூடாதாப்பா?”

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் கொடுத்த காப்பியைக் குடிக்காமல், ஆறும்வரை இரண்டு கையாலும் பிடித்திருந்துவிட்டு, “உன்னக் குத்தம் சொல்ல வரல” என்று எழுந்து போனார்.

அன்றைக்கே அக்காவுக்கு போன் செய்தேன். சாவுச் செய்தி வந்த மறுநாளே அவர் வேலையை விட்டிருந்தார். தங்கையின் சலவைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“என் பேரப் போட்டே எழுது. இனிமே யாருக்குப் பயப்படணும்?” என்றார். அப்புறம் அழுதார்.

நாலு பக்கம் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினேன். “நல்லா எழுதியிருக்கீங்க, வழக்கு முடியட்டும்” என்றார் செயலாளர். போன் குழுவில் நானே போட்டேன். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் செயலாளர் அதை நீக்கிவிட்டார். பிறகு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகக் கூப்பிட்டேன், இருபத்து மூன்று இடம். பெரும்பாலும் “முறைப்படி கடிதம் அனுப்புங்க” என்றார்கள். கடிதத்துக்கு எங்கள் இயக்குநரின் முத்திரை வேண்டும். “ஊர் வம்பு நமக்கு எதுக்கு” என்று அவர் மறுத்துவிட்டார். இரண்டு பேர் பார்ப்பதாகச் சொன்னார்கள். பார்த்தார்களா என்று தெரியாது. ஒருவர் சிரித்தார். “ஏப்ரல்ல உக்காந்துகிட்டு குளிரப் பத்திப் பேசுறீங்களே! டிசம்பர்ல ஞாபகப்படுத்துங்க, செஞ்சுருவோம்.”

இலையுதிர் காலத்தில் தீர்ப்பு வந்தது. குவாக் அண்ணனுக்குச் சிறை இல்லை, உரிமம் போனது. நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

டிசம்பர் முதல் வாரத்தில் அந்தச் சிரித்தவரைக் கூப்பிட்டேன். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். போனை எடுத்தவர் வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறதாம்.

“எந்த வால்வுங்க?” என்றார்.

சொல்ல ஆரம்பித்தேன். இன்னொரு போன் அடிக்கிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் நான்தான் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை.