தனிக்கு எழுந்து போனவர்கள்

வெங்கடசுப்ரமணியன் ஒன்றை முடிவு செய்துவிட்டால் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. பெண்ணுக்கு மிருதங்கம் எதற்கு, பி.ஏ. முடித்ததும் வங்கித் தேர்வுக்குப் படிக்கட்டும் என்பது அவர் முடிவு. அதில் மகள் ஹம்சினிக்காக ஒரே ஒரு சலுகை வைத்திருந்தார். அவர் தங்கை ஜலஜா கல்கத்தாவில் இருப்பவள், வீணை கற்றவள். அவள் காதை அவர் தன் காதைவிட நம்பினார்.

"காலேஜ்லேர்ந்து கல்கத்தா அழைச்சுண்டு போறாளோன்னோ? அங்க உன் வாசிப்பை ஜலஜா கேக்கட்டும். அவ சரின்னா மிருதங்கத்துலயே எம்.ஏ. சேந்துக்கோ. நான் வாயே திறக்கலை" என்று திருச்சி ரயிலடியில் சொல்லி அனுப்பினார்.

வந்த அன்று சாயங்காலமே, பவானிபூரில் அத்தை வீட்டில் பையை வைத்த கையோடு, ஹம்சினி ஒரு தபேலாக் கச்சேரிக்கு ஓடினாள். பாட்டு கிடையாது. தபேலா மட்டும்தான், கூட ஒரு சாரங்கி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது. இடம் கிடைக்காமல் நனைந்த குடையும் கையுமாக நின்றபடி கேட்டவர்களும் இருந்தார்கள். சுற்றி வளைத்து ஒரு அடி சரியான இடத்தில் வந்து விழுந்ததும் அரங்கம் மொத்தமும் "ஆஹா" என்றது. ஹம்சினிக்கு அழுகையே வந்துவிட்டது. தோலைத் தட்டுவதைக் கேட்பதற்கென்றே இத்தனை பேர் வருவார்களா! அந்த நினைப்பிலேயே மெட்ரோவில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு, காளிகாட் போய்த் திரும்பி வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் கல்லூரியின் கச்சேரி. சீனியர் ரஞ்சனா பாட்டு, ஹம்சினி மிருதங்கம். அரங்கில் ஒரு பக்கம் தமிழர்கள், மறுபக்கம் வங்காளிகள். யாரும் பிரித்து உட்கார வைக்கவில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது. முன்வரிசையில் ஜலஜா அத்தையும் அவள் கணவர் கோவிந்தராஜன் அத்திம்பேரும். அத்தை தொடையில் தாளம் போட்டபடி, நடுவில் ஒரு தடவை ஹம்சினியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அது போதும், ஹம்சினிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சீமைக்குப் போனாலும் ஊறுகாய் பாட்டிலோடு அதையும் கட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். பாடகர் பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கத்துக்குத் தனி விட்டால், அது அவர்களுக்கு இடைவேளை. காபிக்குப் போகலாம், கழிப்பறைக்குப் போகலாம், ஊர்வம்பு பேசலாம். வாசிக்கிறவன் மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டிய தாளக் கோர்வை காலி நாற்காலிகளுக்கு. மூன்று தலைமுறையாக வங்காளத்தில் இருந்து, தமிழே பாதி மறந்துபோன குடும்பங்களில்கூட இந்தப் பாழாய்ப்போன பழக்கம் மட்டும் மறக்கவில்லை.

ரஞ்சனா திரும்பி ஹம்சினிக்குக் கை காட்டியதுதான் தாமதம், நாற்காலிகள் கிறீச்சிட்டன. தமிழர் பக்கம் பாதிக்கு மேல் எழுந்தது. அத்திம்பேர் எழுந்தார். அவர் பின்னாலேயே, கைப்பையை இடுக்கிக்கொண்டு, அத்தையும்.

'அத்தை, உக்காருங்கோ!' என்று மேடையிலிருந்து கத்தவா முடியும்? முதல் அடியை அத்தையின் முதுகைப் பார்த்துத்தான் வாசித்தாள்.

வங்காளிகள் ஒருவர்கூட அசையவில்லை. சிலர் எழுந்துபோனவர்களை வியப்பாகப் பார்த்துவிட்டு, காலியான முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஹம்சினி ரோஷத்தில் வாசித்தாள். கடைசிக் கோர்வை பிசகாமல் வந்து இறங்கியபோது "க்யா பாத்!" என்று யாரோ கூவினார்கள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. இதைவிட நன்றாக அவள் ஒருநாளும் வாசித்ததில்லை, அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன புண்ணியம்?

கச்சேரி முடிந்ததும் அத்தை காகிதத்தில் சுருட்டிய போண்டாவோடு மேடைப் பக்கம் வந்தாள்.

"சூடா இருக்குடி, சாப்பிடு. தனி நன்னா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயோ பகவானே! காலே எழுந்துடுத்துடி. யோசிக்கவே இல்லை."

"நீங்க என்னைக் கேக்கத்தானே வந்தேள், அத்தை?"

"நான் பாத்துக்கறேன். அமர்க்களம்னு சொல்லிடறேன்."

வீட்டுக்கு வந்ததும் அத்தை திருச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அமர்க்களம்ண்ணா. சபையே ஆடிப்போயிடுத்து!"

"தனியை எந்தக் கோர்வையில முடிச்சா?"

அத்தை விழித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள் வாயைத் திறக்கவே கூடாது.

"ஜலஜா, எழுந்து போயிட்டியா?"

"பழக்க தோஷம்ண்ணா. ஆனா எல்லாரும் சொன்னா..."

"எல்லாரையும் நான் கேக்கலை. உன்னைக் கேட்டேன். நல்ல கையா இருந்தா உன் காது உன்னை எழுந்து போக விட்டிருக்காது."

"நான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா அப்பா!" என்று ஹம்சினி கத்தினாள். "பெங்காலிக்காரா அத்தனை பேரும் உக்காந்து கேட்டா!"

"அது வரைக்கும் பாட்டுக்கு வாசிச்சியோன்னோ? அதைக் கேட்டுட்டுத்தானே எழுந்து போயிருக்கா? போறும்மா. ஊருக்கு வந்ததும் கோச்சிங் கிளாஸ்ல சேரணும்." போனை வைத்துவிட்டார்.

அத்தை திரும்பத் திரும்பப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. அத்திம்பேர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் பண்ணின பாவம்" என்று அத்தை அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே போய் மிருதங்கத்தைத் தூக்கிவந்து ஹம்சினியின் முன்னால் வைத்தாள். "வாசிடி. அதே தனியை இப்போ வாசி. முழுக்கக் கேட்டுட்டு அண்ணாகிட்ட சத்தியம் பண்றேன். இடத்தை விட்டு அசைய மாட்டேன்."

எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து தொடையில் தாளத்தைத் தொடங்கினாள். ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்றும் முடிந்தது. ஹம்சினிக்குக் கை எழவில்லை.