துணி சுற்றிய தடி

சோதனை முடிந்து கம்பஸ் விடுமுறை விட்டதும், பருத்தித்துறையிலிருந்து நாகர்கோவில் வரை கரையோடு நடக்க வேண்டும் என்று அருந்ததிக்கு ஆசை வந்தது. அவள் என்னோடு படிப்பவள், உடுப்பிட்டிக்காரி. கடலை பஸ் ஜன்னலால் பார்த்து வளர்ந்தவள்.

"முருகைக்கல்லு, மணல் மலை, சவுக்கங்காடு எல்லாம் பாக்கலாமடி. திம்புவிலை சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறாங்கள், இப்ப துவக்குச் சூடும் இல்லை. இனி எப்ப இப்பிடி ஒரு லீவு வரும்?"

ஓம் என்றேன். எனக்கு வேறு காரணம் இருந்தது.

போன வருசம் சோளகக் காற்றுக் காலத்தில் என் அப்பா சிமியோன் தாளையடிக் கரையில் வாடிக் குடில் போட்டுத் தொழில் செய்துகொண்டிருந்தார். ஒரு விடியற்காலை கடலில் நேவியின் துவக்குச் சூடு விழுந்தது. படகு ஓட்டைகளோடு கரை ஒதுங்கியது. அப்பாவைக் காணவில்லை. அதற்குப் பிறகு குருநகரில் எங்கள் வீட்டில் 'செத்துப்போனார்' என்று ஒருவரும் வாய் திறக்க முடியாது. கோவிலில் ஆத்துமப் பூசை வைப்பதைப் பற்றிப் பேச வந்த பெரியப்பாவை அம்மா படலையிலேயே மறித்தார். "சவத்தைக் காட்டுங்கோ, பிறகு பூசை வைப்பம்." ஒவ்வொரு இரவும் அப்பாவின் கோப்பையில் சோறு போட்டு மூடி வைப்பார். காலையில் அந்தப் பழஞ்சோற்றைத் தின்பது நான். தின்று தின்று எனக்கு வெறுத்துவிட்டது.

அப்பாவோடு வாடியில் இருந்த கனிசியஸ் அண்ணைதான் ஒருநாள் தனியாக என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தக் கரையில் ஒதுங்கும் உடலை, அலை தொடாத மேட்டு மணலில் அங்கேயே புதைத்துவிடுவார்களாம். தலைமாட்டில் ஒரு தடியை நட்டு, உடம்பில் கிடந்த உடுப்பில் ஒரு துண்டைக் கிழித்து அதில் சுற்றிக் கட்டுவார்களாம். தேடி வருகிற சொந்தம் துணியைக் கண்டு ஆளை அறியட்டும் என்று.

"மணற்காட்டுப் பக்கம் ரெண்டு மூண்டு நிக்குது பிள்ளை. நான் கிட்டப் போய்ப் பாக்கேல்லை. எனக்கு மனம் ஏவேல்லை."

அம்மாவிடம் இதைச் சொன்னால் என்னை வெளிக்கிட விடமாட்டார். அருந்ததியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழுவாள். அவளுடைய அழுகையையும் சேர்த்துக் காவிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க எனக்குப் பலமில்லை.

இரண்டு குமர்ப்பிள்ளைகள் தனியே போவதா என்று அருந்ததியின் அண்ணன் இராசநாயகத்தைக் காவலுக்கு அனுப்பினார்கள். அவர் கணக்கு வாத்தியார். கழுத்தில் துவாய், தோளில் தண்ணீர்ப் போத்தல், கையில் கமரா.

கடற்பாறையான முருகைக்கல்லில் நடப்பது இலேசில்லை. கத்தி மாதிரிக் கிடக்கிறது. ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கற்கோவளத்தில் கருவாடு காயவிட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எங்களை மறித்தாள்.

"ஆற்றை வீட்டை போறியள்?"

"ஒருதற்றை வீட்டையும் இல்லை அக்கா. சும்மா நடக்கிறம்," என்றாள் அருந்ததி.

"சும்மாவோ? கால் கொழுத்துப் போச்சோ?"

இராசநாயகம் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல கேள்வி. என்ரை வகுப்புப் பெடியள் கண்டால் வாத்திக்கு விசர் எண்டுவாங்கள்."

வல்லிபுரத்துக்கு அப்பால் மணல் மேடுகள் தொடங்கின. இடப்பக்கம் கடல் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. அருந்ததி நின்று நின்று 'ஐயோ வடிவு' என்றாள். சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் எறிந்தது. இரண்டு அடி ஏறினால் ஓரடி சறுக்கும். ஒவ்வொரு மேட்டிலும் ஏறி மறுபக்கம் பார்த்தேன். இராவணன் மீசைப் புல்லும் பிய்ந்த வலையும் கடல் தள்ளிய கட்டைகளும் கிடந்தன. துணி கட்டிய தடி ஒன்றையும் காணவில்லை.

ஒரு பள்ளத்தில் அருந்ததியின் செருப்பு வார் அறுந்து கால் பிரண்டது. அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குந்திவிட்டாள். எனக்குப் பொறுமை இல்லை. "நீங்கள் மெல்ல வாங்கோ," என்று முன்னால் போய்விட்டேன். அவர்கள் என்னை எட்டியபோது அவள் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். அதன் முனையில் கை நோகாமல் இராசநாயகத்தின் துவாய் சுற்றியிருந்தது. அடுத்த மேடு செங்குத்து. நான் சறுக்கிச் சறுக்கி விழ, மேலே நின்ற இராசநாயகம் அதே தடியை நீட்டினார்.

"பிடியுங்கோ தங்கச்சி."

துவாய் முனையைப் பிடித்துத்தான் ஏறினேன்.

மணற்காட்டில் மணல் மூடிய பழைய கோவில் ஒன்று இருக்கிறது. அதன் உடைந்த சுவர் நிழலில் இருந்தோம். அருந்ததி முகம் துடைக்கத் துவாயை அவிழ்த்தாள். அதற்குக் கீழே இன்னொரு துணி இருந்தது. வெயிலில் வெளுத்துச் சாம்பலாய்ப் போன துணி. இழுத்துப் பார்த்தேன். மடிப்புக்குள் நீலக் கட்டம். கட்டத்துக்குக் குறுக்கே பச்சை நைலோன் நூலால் ஒரு தையல்.

எங்கள் வீட்டில் தையல் நூல் வாங்குவதில்லை. கிழிந்ததையெல்லாம் அம்மா வலைநூலால்தான் பொத்துவார், வலைக்குப் போடுகிற அதே முடிச்சுப் போட்டு. அப்பா கடலுக்கு உடுத்துப்போகும் சாரத்தை அவர் பொத்தும்போது விளக்குப் பிடித்தவள் நான்.

"உதை எங்கை புடுங்கினியள்?"

"எதை?"

"உந்தத் தடியை!"

"பின்னாலை, இவள் விழுந்த பள்ளத்துக்குக் கிட்ட, ஒரு பத்தை மறைவிலை." இராசநாயகம் திகைத்தார். "வலைக்காரர் ஏதும் அடையாளத்துக்கு நட்டதாக்கும் எண்டு நினைச்சன். எங்கடை மிளகாய்த் தோட்டத்திலையும் காகத்துக்கு உப்பிடித்தான் கட்டுறது. ஏன் தங்கச்சி?"

"அது என்ரை அப்பாவின்ரை தலைமாடு."

அருந்ததிக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் அழத் தொடங்கினாள். "நீ சொல்லேல்லையேடி! ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்..."

"சொன்னால்தானோ? நட்டு நிக்கிற தடியை ஆரும் புடுங்குவினமோ? உங்கடை வேலியிலை ஒரு கதியால் தடியை ஆரும் புடுங்கட்டும் பாப்பம், கோடேறி வழக்குப் பேசுவியள். எங்கடை கரையிலை நிக்கிறது மட்டும் ஆற்றையும் இல்லை, என்ன?"

நான் தடியைப் பறித்துக்கொண்டு எழுந்தேன். வந்த வழியே திரும்பினோம். வழி என்று ஒன்று இருக்கவில்லை. எங்கள் மூன்று பேரின் காலடியையும் காற்று துடைத்துவிட்டிருந்தது. மேடுகள் எல்லாம் ஒன்றுபோலிருந்தன, பள்ளங்களும் அப்படித்தான்.

"இஞ்சைதான்," என்று இராசநாயகம் ஓடினார். முழங்காலில் நின்று மணலைத் தடவினார். "இல்லை, அந்தப் பத்தை இப்பிடி நிக்கேல்லை." இன்னொரு பள்ளம். பிறகு இன்னொன்று. அறுந்த செருப்பையாவது காணலாம் என்று அருந்ததி நொண்டி நொண்டித் தேடினாள். அதையும் மணல் தின்றுவிட்டது. வெயில் சாயும்வரை தேடினோம்.

கடைசியில் அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "இந்தச் சுற்றுக்குள்ளைதான். எங்கையாவது ஓரிடத்திலை நடுவம் தங்கச்சி. அம்மாவுக்கு ஒரு ஆறுதல்தானே. அவவுக்குத் தெரியவே போகுது?"

"வாயை மூடுங்கோ அண்ணை! வெறும் மணலிலை என்ரை அம்மா முழங்காலிலை நிக்கிறதோ?"

தடியை அவர்களிடம் கொடுக்கவில்லை. அருந்ததி தமையனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அன்றிரவு உடுப்பிட்டியில் தங்கிவிட்டு மறுநாள் பின்னேரம் வீட்டுக்குப் போனேன். அம்மா மரியநாயகி முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தடியோடு என்னைக் கண்டு சிரித்தார். "நடந்து நடந்து கிழவியாயிட்டியோடி?"

பிறகு துணியைக் கண்டார். எழுந்துபோய்க் கையைக் கழுவினார். சீலையில் துடைத்துவிட்டு வந்து, துணியை விரித்து, பச்சை நூலின் முடிச்சைப் பெருவிரலால் தடவினார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"எங்கை?"

"மணற்காட்டுக்கு இஞ்சாலை. மணலுக்கை."

"அலை அடிக்காத இடமோ?"

"ஓம்."

அந்தோனியார் படத்துக்கு முன்னாலிருந்த மெழுகுதிரிகளை எடுத்துப் பேப்பரில் சுற்றினார். "விடிய முதல் பஸ்ஸுக்குப் போவம். இடத்தைக் கண்டிட்டு வந்து சுவாமியாரிட்டைப் பூசைக்குச் சொல்லுவம். தடியை நீ கொண்டா, நிண்ட இடத்திலை திருப்பி நடவேணும்." படியில் நின்று திரும்பினார். "இடம் உனக்கு வடிவாத் தெரியும்தானே?"

நான் தடியைப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது.

"ஓம் அம்மா," என்றேன்.

அன்றிரவு அப்பாவின் கோப்பையில் அம்மா சோறு போடவில்லை. கழுவித் துடைத்துச் சுவர்த் தட்டில் கவிழ்த்து வைத்தார்.