ஒண்ணுமே சாப்பிடறதில்ல

என் அக்கா தாரணியின் மகள் இனியாவுக்குப் பத்து மாதம். அவளைத் தூக்குகிறவர்கள் முதலில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். மணிக்கட்டு எது, முழங்கை எது என்று மடிப்புகளை விலக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றி எங்கள் வீடு வெளியிடும் அதிகாரபூர்வமான தகவல், அவள் ஒன்றுமே சாப்பிடுவதில்லை என்பதுதான்.

வெளியிடுபவர் அத்தான் அழகப்பன். சிங்கப்பூரில் ஒரு வங்கியில் தரவுகளை அலசும் வேலை. தான் தின்னும் கோழிக்கறியைக்கூட நிறுத்துப் பார்த்துக் கலோரி கணக்குப் போடுகிறவர். ஆனால் மகளின் சாப்பாடு என்று வந்துவிட்டால் எண்களுக்கு அனுமதி கிடையாது. லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும், தேக்கா சந்தையில் மீன்காரர் கேட்டாலும் ஒரே பதில்: "எங்க சாப்பிடறா." நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று சொன்னால் கண்ணு பட்டுவிடுமாம்.

போன சனிக்கிழமை எடை பார்க்கத் தேக்காவில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். படியேறப் பிள்ளையைச் சுமக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப்போனார்கள். டாக்டரின் அறைக்கும் வெளியே காத்திருக்கும் இடத்துக்கும் நடுவில் மெல்லிய பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் தூக்கம் வரும். தடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்த பெண் ஆரபி, உட்லண்ட்ஸ் பக்கத்துக்காரர். அவருடைய மகனுக்கும் அதே வயதுதான். மடியில் மடித்து வைத்த துண்டைப் போல இருந்தான். இனியாவைப் பார்த்து, என்ன கொடுக்கிறீர்கள் என்று ஆற்றாமையோடு கேட்டார். அத்தான் வழக்கமான அறிக்கையை வாசித்தார்.

உள்ளே டாக்டர் சியா எடை பார்த்தார். எடைக் கருவியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். "நத்திங், டாக்டர்" என்றார் அத்தான், தடுப்புக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி. காலையில்? இரண்டு வாய். மதியம்? துப்பிவிடுவாள். பால்? மனசு வந்தால்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஒன்றும் சாப்பிடாத பிள்ளை இவ்வளவு எடை போடுகிறதென்றால் உடம்பில் ஏதோ கோளாறு, தைராய்டு பார்க்க வேண்டும், இன்றைக்கே இரத்தம் எடுத்துவிடலாம் என்றார். தாதி ஊசித் தட்டோடு வந்தார். ஏதோ தின்பண்டம் வருகிறது என்று நினைத்து இனியா வாயைத் திறந்தாள்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "உண்மையச் சொல்லுங்க."

அத்தான் தடுப்பைக் கண்ணால் காட்டினார். "மெதுவா. இங்லீஷ்ல சொல்லு."

"வெளிய உக்காந்திருக்கற அந்த அக்காவுக்கு இங்லீஷ் தெரியாதா?"

"ஊசி வலி ஒரு நிமிஷம்தான், தாரணி. கண்ணு அப்படியில்ல."

"அப்ப உங்க கையில குத்தச் சொல்றேன்."

டாக்டர் பக்கம் திரும்பி, எந்த மொழி என்று பார்க்காமல் கொட்டித் தீர்த்தாள். காலையில் நெய் விட்ட ராகிக் கூழ். மிச்சம் ஆறிப்போகுமே என்று அத்தான் ஊட்டும் இன்னொரு கிண்ணம் கூழ். வாழைப்பழம், பருப்புச் சோறு, அவகாடோ, இட்லி. நடுவில் கேட்கும்போதெல்லாம் தாய்ப்பால். "நல்லா சாப்பிடுறா, டாக்டர்." எங்கள் குடும்பத்தில் ஒருவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிள்ளையின் கன்னத்துப் பொட்டு அழிந்துவிடவில்லையே என்று அத்தான் சரிபார்த்தார்.

பிறகு ஏன் மறைத்தீர்கள் என்று டாக்டர் கேட்க, அக்கா கண்ணு விஷயத்தை விளக்கினாள். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பழகிக்கொண்டார். இரண்டாவது கிண்ணத்தை நிறுத்தச் சொன்னார். பிள்ளை முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம், அதற்குமேல் ஊட்டாதீர்கள் என்றார். ஊசித் தட்டு திரும்பிப் போனது. அதைப் பார்த்து இனியா அழுதாள்.

நாங்கள் வெளியே வந்து அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்க, ஆரபி மகனோடு உள்ளே போனார். பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறான் என்று டாக்டர் கேட்பது காதில் விழுந்தது.

"ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறான், டாக்டர்."

டாக்டர் சிரித்தார். "ஐ நோ லா. கண்ணு, ரைட்?"

இந்தப் பக்கம் அத்தான் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்கா பிள்ளையை என் கையில் போட்டுவிட்டு எழுந்துபோய்ப் பலகையைத் தட்டினாள்.

"டாக்டர், எங்க 'ஒண்ணுமே' வேற. அவங்க சொல்றது நிஜமான 'ஒண்ணுமே'."