முப்பத்திரண்டாம் எண் கல்

எதிரே டிராக்டர் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் வேலிச் செடிகள் ஆளுயரம் வளர்ந்து நின்ற சந்து. இரண்டு வண்டிகள் ஒதுங்க வழியில்லை. ரோவீனா கண்ணாடியைப் பார்த்து வேனை மெல்லப் பின்னுக்கு எடுத்தாள். வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்த வேலியோரத்துச் செடிகள் ஜன்னல்களை உரசிக்கொண்டு போயின.

"இடது பக்கம் இன்னும் ஒரு அடி இருக்கு, ரோ. தாராளமா வா."

பின்னிருக்கையிலிருந்து அப்பாவின் குரல்.

"எனக்குத் தெரியும்ப்பா."

"தெரிஞ்சா எதுக்கு வேலியைச் சொறிஞ்சுவிடறே? அதுக்கென்ன அரிக்குதா?"

வேனிலிருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். ஐந்து நாள் பயணத்தில் அது கடைசி நாள். அப்பா செட்ரிக்கின் வாய் அவர்களுக்கு இதற்குள் பழகிப்போயிருந்தது. டிராக்டர்காரன் தொப்பியைத் தொட்டுவிட்டுக் கடந்து போனான்.

ரோவீனா பதினொரு வருடமாக இந்தக் கிராமங்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அதில் ஒரு நாள்கூட அப்பா அவளோடு வந்ததில்லை. இந்த வாரப் பயணிகளின் பட்டியலில் ஏழாவது பெயராக அவருடைய பெயரைப் பார்த்ததும் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். போன் செய்து கேட்டபோது, "ஏன், நான் வரக்கூடாதா? இடம் காலியா இருந்துச்சு, பதிஞ்சேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

நில அளவைத் துறையில் முப்பத்தெட்டு வருடம் உழைத்த மனிதர். இருப்பதை இருப்பதாகவும் இல்லாததை இல்லாததாகவும் எழுதியே பழகிய கை. வந்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். அரசி ஒருத்தி காதலனைச் சந்திக்க வருவதற்காகக் கட்டிய பாலம் என்று ரோவீனா சொன்னால், "கம்பளி மூட்டை போறதுக்குக் கட்டினதுங்க. அரசி இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல" என்பார். விடுதியின் மாடியறையில் ஆவி உலவுகிறது என்றால், "அது குழாய்ச் சத்தம். நானே அங்க தங்கியிருக்கேன்" என்பார். பயணிகளுக்கு அது வேடிக்கை. ரோவீனாவுக்குத்தான் ஒவ்வொரு முறையும் காது சூடாகும்.

ஆறு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரண்டு பக்கமும் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எடித், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டாள். "நாளைக்கும்மா, நாளைக்குக் காலையில போயிடலாம்" என்றாள் ரோவீனா. அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அப்பா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இல்ல எடித். போக முடியாது" என்றார். அந்த வெளிச்சம் அணைந்ததை ரோவீனா பார்த்தாள். அன்றிலிருந்து அப்பாவோடு அவள் பேசுவதெல்லாம் மாத்திரை, மழை, காய்கறி, அவ்வளவுதான்.

நெதர் ஆர்லிக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. காலையில் இறங்கிய பனிமூட்டம் முழுதும் விலகவில்லை. வெயில் அதற்குள் புகுந்து தேன் நிறக் கல்வீடுகள் எல்லாம் தூக்கத்தில் மிதப்பதுபோல் நின்றன. தெருவில் ஆள் இல்லை. ஏதோ ஒரு வீட்டுக்குள் யாரோ பியானோவில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்காரர்களான கனடா தம்பதிகூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

லோர்னா மட்டும் யாருக்கும் காத்திராமல் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்தாள். அடிலெய்டிலிருந்து தனியாக வந்திருந்தவள், எழுபது வயதிருக்கும். இறந்துபோன கணவன் மெர்வினின் முன்னோர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஹார்ட்லி குடும்பம். இங்கே வந்து அந்தப் பெயரைக் கல்லில் பார்க்க வேண்டும் என்பது மெர்வினின் ஆசை. அதற்குள் அவன் போய்விட்டான். இந்த ஒரு கிராமத்துக்காகத்தான் அவள் இந்தப் பயணத்தையே எடுத்திருந்தாள்.

எல்லோரும் அவளுக்காகத் தேடினார்கள். கல் கல்லாகக் குனிந்து, பாசியை விரலால் தள்ளி, பெயர்களை உரக்கப் படித்தார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஹார்ட்லி என்று ஒரு கல்லும் இல்லை.

"பரவாயில்லங்க," என்றாள் லோர்னா. "இத்தனை வருஷம் ஆச்சு. மழையில அழிஞ்சிருக்கும்." கல்லின் மேல் வைத்து, மெழுகால் தேய்த்து எழுத்துகளைப் படியெடுப்பதற்காகக் கொண்டுவந்த வெள்ளைத் தாளைச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருள் நேராக வரவில்லை. அவிழ்த்து மறுபடி சுருட்டினாள்.

ரோவீனா ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வழக்கமாக அவளுக்குக் கதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அப்பா பக்கத்தில் நின்றார். வாயை மூடிக்கொண்டாள்.

"இங்க வாங்கம்மா," என்றார் செட்ரிக்.

சுவரோரம் சாய்ந்து நின்ற ஒரு கல்லின் முன் அவர் மண்டியிட்டிருந்தார். எண்பத்தொரு வயதில் எப்படி இறங்கினாரோ. கல்லின் முகம் முழுதும் தேய்ந்து, சோப்புக்கட்டிபோல் வழவழவென்றிருந்தது.

"வெளிச்சம் சாய்வா விழுந்தாத்தான் தெரியும். கையைக் குடுங்க." லோர்னாவின் விரலைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்தார். "இது டி. இது ஓ... டோபியாஸ். தெரியுதா? கீழ ஹெச். அப்புறம் ஏ. ஹார்ட்லி."

"டோபியாஸ்," என்றாள் லோர்னா.

"ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தொண்ணு. 'இவ்வூர் விவசாயி'ன்னு போட்டிருக்கு. நல்ல மனுஷனா இருந்திருப்பாரு போல. 'எல்லோராலும் நேசிக்கப்பட்டவர்'னு வேற இருக்கு."

அவருடைய பெரிய விரலோடு சேர்ந்து அவளுடைய விரல் வெறும் கல்லின் மேல் வரிவரியாக நகர்ந்தது. அவள் தாளை விரித்து வைத்துக் கறுப்பு மெழுகால் தேய்க்கத் தொடங்கினாள்.

ரோவீனா அசையாமல் நின்றாள். அந்தக் கல் அவளுக்குத் தெரியும். தேவாலய வாசலுக்குள் கண்ணாடிச் சட்டத்தில் இந்தத் தோட்டத்தின் வரைபடம் மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர். முப்பத்திரண்டாம் எண்ணுக்கு நேரே, 'படிக்க இயலவில்லை' என்று சின்னக் கையெழுத்தில் எழுதியிருக்கும். நாற்பது வருடத்துக்கு முன் அதை அளந்து வரைந்து எழுதியவர் அப்பாதான்.

அவரை எழுப்பிவிடப் போனாள். தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எதிர்பார்த்ததைவிட இலேசாக இருந்தார். சுவரோரத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"அப்பா, அந்தக் கல்லுல..."

"எந்தக் கல்லு?" கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்து அவருடைய முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"வெயில் நல்லா இருக்கு," என்றார். "எடித்துக்கு இந்த ஊர் பிடிக்கும். டீ கிடைக்குமா, ரோ?"

"கிடைக்கும். வாங்கிட்டு வரேன்."

"சர்க்கரை ரெண்டு போடு. டாக்டர் இங்க இல்ல."

தெருமுனைக் கடையில் கிழவி ஒருத்தி அவசரமே இல்லாமல் தண்ணீர் கொதிக்க வைத்தாள். ரோவீனா கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தாள். தலைக்கு மேல் ஏதோ மரத்தின் பஞ்சு காற்றில் மிதந்து போனது. சிரிக்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. இன்று ராத்திரி அவரைக் கேட்டே விடுவது என்று எண்ணிக்கொண்டாள். கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே நடந்தாள்.

அவள் விட்டுப்போன மாதிரியேதான் அப்பா உட்கார்ந்திருந்தார். முகம் வெயிலில். அவருடைய கோட்டின் கைமேல் ஒரு பஞ்சு வந்து ஒட்டியிருந்தது. வாய்க்குப் பக்கத்தில் இன்னொன்று. அது அசையவில்லை.

ரோவீனா கோப்பையைப் புல்லில் வைத்தாள். மணிக்கட்டைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள். தோல் இன்னும் கதகதப்பாக இருந்தது. வாய்க்குப் பக்கத்திலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். தோட்டத்தின் மறுகோடியில் கனடாக்காரர் போட்டோ எடுக்க எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பியானோ அந்தக் கடினமான இடத்தைத் தாண்டி மேலே போனது. அதன் பிறகுதான் அவள் போனை எடுத்து ஆம்புலன்ஸை அழைத்தாள். குரல் தெளிவாக வந்தது. ஊரின் பெயர், தேவாலயம், சுவரோரத்துப் பெஞ்சு என்று வழி சொன்னாள்.

வந்தவர்கள் செய்ய வேண்டியதைச் செய்து பார்த்துத் தலையை ஆட்டினார்கள். போலீஸ்காரப் பெண் ஒருத்தி வந்து மெதுவான குரலில் கேள்விகள் கேட்டாள். என்ன மாத்திரை, எந்த டாக்டர், கடைசியாக என்ன பேசினார். "டீ கேட்டார்" என்றாள் ரோவீனா. ஐந்தரை மணிக்குக் கறுப்பு வேன் வந்து அப்பாவை எடுத்துப் போனது. பயணிகள் வாசலில் வரிசையாக நின்றார்கள். யாரும் சொல்லாமலே ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

மாற்று ஓட்டுநர் வருவதற்காகக் காத்திருந்தபோது லோர்னா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் அந்தத் தாள்.

"பாக்கறீங்களா?"

விரித்தாள். மேலிருந்து கீழ்வரை கறுப்பு. அதில் பாசியின் புள்ளிகள், ஒரு நீண்ட விரிசல். வேறு ஒன்றும் இல்லை.

ரோவீனா தாளையே பார்த்தாள். "இதோ, டி," என்று ஓரிடத்தைத் தொட்டாள். "அப்பா காட்டினாரே. தெரியுது."

லோர்னா அவளுடைய கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"வேணாம்மா. எல்லாரும் தேடிட்டு இருந்தப்போவே வாசல்ல இருக்கிற படத்தைப் பாத்துட்டேன். முப்பத்திரண்டாம் நம்பர். கீழ உங்கப்பா கையெழுத்தும் இருந்துச்சு."

"அப்போ ஏன்..."

"ஒரு மனுஷர் முட்டிபோட்டு உக்காந்து அவ்வளவு அழகாப் படிச்சுக் காட்டறார். இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரல." தாளை நேராகச் சுருட்டினாள். "வீட்டுல சட்டம் போட்டு மாட்டுவேன். கேக்கறவங்ககிட்ட டோபியாஸ்னுதான் சொல்லுவேன்."

ஆறு மணி சுமாருக்கு மாற்று ஓட்டுநர் வந்தார். ரோவீனா சாவியைக் கொடுத்தாள். எங்கே உட்காருவது என்று ஒரு கணம் நின்றாள். பிறகு பின்னுக்குப் போய் ஜன்னலோரத்தில் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பி அந்தக் குறுகிய சந்துக்குள் நுழைந்தது.

பின்னிருக்கை சற்று உயரம். அங்கிருந்து வேலிக்கு மேலாக வெளியே தெரிந்தது. சரிந்து இறங்கும் பச்சை வயல்கள், அவற்றின் அடியில், பனிக்குள் வளைந்து வளைந்து போகும் ஒரு சிற்றாறு. பதினொரு வருடமாக வாரத்துக்கு ஒரு முறை இந்த வழியில் ஓட்டியிருக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆறு இருப்பதே அவளுக்குத் தெரியாது.

தண்ணீரில் நாலைந்து மாடுகள் முழங்கால்வரை இறங்கி நின்றன.