ஒரே துணியில் வெட்டிய உடை

படம் வெளிவந்த மறுமாதமே அது உருவான கதை என்று ஒரு புத்தகம் வந்தது. செங்கல் கனம், பளபளக்கும் தாள், பக்கத்துக்குப் பக்கம் வானத்தைப் பார்த்து யோசிக்கும் இயக்குநர். எழுதியவன் அந்தப் படத்துக்கு உடை தைத்த தையல்காரியின் கொழுந்தன். அவள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான்.

படத்தில் வரும் விண்வெளி வீரர்களின் பன்னிரண்டு உடைகளையும் தைத்தவள் அவள். படப்பிடிப்புத் தளத்துக்குப் பின்னால், தகரக்கூரை அறையில், ஏழு மாதம் தைத்தாள். ஒரு உடைக்கு நாற்பத்தொரு துண்டுகள். முழங்கால் மடங்க, இடுப்பு திரும்ப, தோள் தூக்க, எல்லாவற்றுக்கும் தனித்தனி வெட்டு.

முதல் நாளே கதாநாயகன் தலைக்கவசத்துக்குள் மூச்சுமுட்டிச் சரிந்தான். "கேமராவ நிறுத்தாதீங்க, விழறது நல்லாருக்கு!" என்று இயக்குநர் கத்தினார். தையல்காரிதான் ஓடிப்போய்க் கவசத்தைப் பிடுங்கி, கத்தரியால் அக்குள் பக்கம் கிழித்துவிட்டாள். அவனுக்கு மூச்சு வந்தது. அப்போது குறிப்பேட்டோடு நாலடி தள்ளி நின்றிருந்தான் கொழுந்தன்.

புத்தகத்தில் அந்தக் கத்தரி இயக்குநர் கையில் இருந்தது. இரண்டு பக்கம் நீளப் படம். கீழே: 'கனவில் கண்ட உடையை, விழித்ததும் நானே ஒரே துணியில் வெட்டினேன். எங்கும் துண்டு சேர்த்த ஒட்டு கிடையாது.' நாயகன் மயங்கியது நடிப்பின் உச்சமாம். அவளுக்குக் கடைசிப் பக்கத்தில், வண்டி ஓட்டியவர்களுக்கும் சமையல் ஆட்களுக்கும் நடுவே, 'தையல் பிரிவினர்' என்று நன்றி.

படித்து முடித்தவள் மாடிக்குப் போனாள்.

"தம்பி, அன்னைக்கு நீ அங்க இருந்தியா இல்லையா?"

"இருந்தேன் அண்ணி. நடந்ததத்தான் முதல்ல எழுதினேன். இயக்குநர் அதக் கோடு போட்டு அடிச்சுட்டாரு."

"அவரு அடிச்சாரு. இத யாரு எழுதினா?"

கத்தரிப் படம் இருந்த பக்கத்தை அவள் பிரித்துக் காட்டினாள்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு தெறம வேணும்டா. அக்குள்ல ஒட்டு இல்லாம எவன் கைய தூக்குவான்? கேக்கணும்னு கூடவா உனக்குத் தோணல?"

அந்தப் பொய்யை இயக்குநர் ஊர் ஊராகப் பேட்டிகளில் சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார். இரண்டாம் பாகம் தொடங்கியபோது தையல்காரியைக் கூப்பிடவில்லை. புதிதாக ஒரு கடையைப் பிடித்து, புத்தகத்தை அவர்கள் மேசையில் போட்டு, "எல்லாம் இதுல இருக்கு, பாத்துத் தைங்க" என்றார். பாவம், அவர்களும் எழுத்துக்கு எழுத்து அப்படியே தைத்தார்கள்.

வந்த உடைகளில் ஒருவராலும் உட்கார முடியவில்லை. "உங்களுக்குப் போடத் தெரியல" என்று இயக்குநர் தானே ஒன்றுக்குள் புகுந்தார். கை பக்கவாட்டில் விறைத்து நின்றது. விண்கலத் தலைவனின் நாற்காலியில் பிடிவாதமாக உட்கார்ந்தபோது முதுகிலிருந்து கீழ்வரை சர்ரென்று கிழிந்தது. கால் இன்னும் மடங்கவில்லை. நாலு பேர் அவரைக் கட்டைபோல் படுக்கவைத்து வெளியே தூக்கிப் போனார்கள். ஐம்பது பேர் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. வேலை போய்விடுமே.

மறுநாள் தயாரிப்பு நிர்வாகி தையல்காரியின் வீட்டு வாசலில் நின்றார்.

"சின்னக் கொழப்பம்மா. நீங்க வந்தா ரெண்டே வாரத்துல சரியாயிடும். இந்தத் தடவ புத்தகத்துல உங்க படமும் வரும். அரைப்பக்கம்!"

"அந்தப் புத்தகத்துலயா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுல என் மூஞ்சி வேண்டாங்க. தெரிஞ்சவங்க யாராவது பாத்துடப் போறாங்க."

"அப்ப இயக்குநர்கிட்ட என்னன்னு சொல்ல?"

"தூங்கச் சொல்லுங்க. மறுபடி கனவு வரும்."

அவர் போன பிறகு, மருத்துவமனைக்கு ஒப்புக்கொண்ட சீருடைகளை வெட்ட உட்கார்ந்தாள். நாற்பது செவிலியர்கள், நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவர்கள். ஒவ்வொருத்திக்கும் தனியாக அளவெடுத்திருந்தாள்.

சாயங்காலம் கொழுந்தன் இறங்கி வந்தான். இரண்டாம் பாகத்துக்கும் புத்தகம் எழுத அவனைத்தான் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள்.

"அண்ணி, அந்த உடை கிழிஞ்சத எப்படி எழுதறதுன்னு..."

அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பசிச்சா சொல்லு, சாப்பாடு போடறேன். அதுக்கு மேல எங்கிட்ட எதுவும் கேக்காத."